எங்களை எண்ணுங்கள், காட்டிக் கொடுக்காதீர்கள்

(கோவையில் இளைஞர்களின் வாசிப்புக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'அரசு மருத்துவமும் தனியுரிமையும்' என்று தலைப்புக் கொடுத்துப் பேச அழைத்தீர்கள். தனியுரிமை என்றதும் நம் பக்கத்தில் பலருக்குச் சிரிப்பு வரும். ஒற்றை அறை வீட்டில் ஏழு பேர் படுத்துத் தூங்குகிறோம், நமக்கு என்ன தனியுரிமை? அதெல்லாம் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவர்களின் கவலை என்று தோன்றும். நானும் அப்படி நினைத்தவள்தான். பொதுச் சுகாதாரத் தரவுகளை வைத்து முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கிய பிறகும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பை மாற்றியது என் அம்மா குடித்த ஒரு டீ. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் ஊர் அன்னூர்ப் பக்கம். ஊர் என்று சொல்வது ஒரு பழக்கத்துக்குத்தான். நாங்கள் இருப்பது வளவு, அருந்ததியர் வளவு. அம்மா ஒரு நூல் மில்லின் பெண்கள் விடுதியில் துப்புரவு வேலை பார்த்தார். சில ஆண்டுகளுக்கு முன் இருமல் வந்து இரண்டு மாதமாகியும் நிற்கவில்லை. உடம்பு இளைத்துக்கொண்டே போனது. சளியைச் சோதித்ததில் காசநோய் என்று தெரிந்தது. அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம். ஆறு மாதம் ஒரு வேளை தவறாமல் சாப்பிட்டார், முழுக்கக் குணமானார். மருத்துவம் தன் வேலையைச் சரியாகச் செய்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் இன்று பேசப்போவது அரசு மருத்துவத்துக்கு எதிராக அல்ல.

சிகிச்சை தொடங்கிய வாரத்தில் ஒரு சுகாதாரப் பணியாளர் வீடு தேடி வந்தார். காசநோய் உள்ளவர் வீட்டில் மற்றவர்களையும் பரிசோதிக்க வேண்டும். அது அவசியமான வேலை. அவருக்கு வளவுக்குள் வழி தெரியவில்லை. ஊர்முனை டீக்கடையில் வண்டியை நிறுத்தி, கையிலிருந்த போனைப் பார்த்து அம்மாவின் பேரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார்: "ஏனுங்க, டிபி வந்திருக்கற இந்த அம்மா வூடு எதுங்க?"

அவ்வளவுதான். மறுநாள் அதே கடையில் எல்லாருக்கும் கண்ணாடி டம்ளரில் டீ, அம்மாவுக்குக் காகிதக் கப். ஏன் என்று அம்மா கேட்டதற்குக் கடைக்காரர் சொன்னது இது: "சாதியெல்லாம் இப்ப யாரு பாக்கறாங்க? நோவுக்குத்தான். நாலு பேரு வந்து குடிக்கற எடம் பாரு." ஒரு வாரத்தில் அப்பாவுக்கும் காகிதக் கப் வந்தது. அப்புறம் வளவிலிருந்து யார் போனாலும் காகிதக் கப். அம்மாவின் விடுதி வேலையும் போனது. ஆறு மாதம் கழித்து நோய் இல்லை என்று பரிசோதனை முடிவு வந்தபோது, அதை அந்தக் கடையில் காட்டிவிட்டு வந்தார் அம்மா. கப் மாறவில்லை.

காசநோய் டம்ளர் வழியாகப் பரவும் நோய் அல்ல. இருமும்போது காற்று வழியாகப் பரவுவது. சரியான மாத்திரை சாப்பிடத் தொடங்கிய சில வாரங்களில், பெரும்பாலானவர்களிடமிருந்து அது பிறருக்குத் தொற்றும் வாய்ப்பும் வெகுவாகக் குறைந்துவிடும். ஆக மருத்துவக் காரணத்தின்படி பார்த்தாலும் அந்தக் கப்புக்கு வேலையே இல்லை. இரட்டைக் குவளையை ஒழித்துவிட்டோம் என்று நாம் பேசிக்கொண்டிருந்த ஊரில், அது நோயின் பெயரைச் சொல்லிக்கொண்டு திரும்பி வந்தது.

சாதி எப்போதும் சுத்தம் என்ற சொல்லுக்குப் பின்னால் நிற்கப் பழகியது. 2018இல் அவினாசிக்குப் பக்கத்தில் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த அருந்ததியப் பெண்ணைச் சமைக்க விடாமல் தடுத்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அங்கே எந்த நோயும் இல்லை, அதனால் சாதி வெளிப்படையாகத் தெரிந்தது, வழக்குப் போட முடிந்தது. கையில் ஒரு நோயின் பெயர் கிடைத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஒரு காகிதக் கப்பை எப்படி நிரூபிப்பது?

வழி கேட்ட அந்தப் பணியாளர் மீது எனக்குக் கோபம் இல்லை. சொற்பச் சம்பளம், சொந்த போன், ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று கணக்கு. பெயரும் நோயும் ஒரே வரியில் எழுதிய பட்டியலை அவர் கையில் கொடுத்து அனுப்பியவர்கள், வழி கேட்கும்போது நோயின் பெயரைச் சொல்லக்கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கவில்லை. அது ஆளின் தவறு இல்லை, அமைப்பு அப்படிக் கட்டப்பட்டிருக்கிறது. அமைப்பைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

நம் மாநிலத்தில் நோய்த்தடுப்பு இன்று வீட்டு வாசலுக்கு வருகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிறார்கள். 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருதும் கிடைத்தது. இது நல்ல திட்டம். கூலி வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க முடியாத நம் மக்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் மருத்துவம் வீடு தேடி வரும்போது, நம் வீட்டுத் தகவல் எங்கே தேடிப் போகிறது என்று கேட்க வேண்டுமல்லவா?

அதைக் கேட்பதற்கு முன், மருத்துவருக்கும் சுகாதாரப் பணியாளருக்கும் இருக்கும் நோய்த்தடுப்புக் கருவிகளைக் கொஞ்சம் பார்ப்போம். கருவி என்றால் இயந்திரம் மட்டுமில்லை. யாருக்கு எந்தப் பரிசோதனை தேவை, யாரை முதலில் கவனிக்க வேண்டும் என்று முடிவெடுக்க உதவும் கேள்விப் பட்டியலும் ஒரு கருவிதான்.

இந்திய அரசின் தொற்றா நோய்த் திட்டத்தில், 30 வயதைக் கடந்தவர்களுக்கு ஒரு படிவம் நிரப்புகிறார்கள். வயது, புகையிலை, மது, இடுப்புச் சுற்றளவு, வாரத்துக்கு 150 நிமிடமாவது உடலுழைப்பு உண்டா, பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் உண்டா என்று கேட்டு மதிப்பெண் போடுவார்கள். மதிப்பெண் 4ஐத் தாண்டினால் பரிசோதனைக்கு முன்னுரிமை.

தமிழ்நாட்டின் கருவி ஒன்று இருக்கிறது. 2022இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்'. காசநோய் என்று கண்டறிந்த அன்றே ஐந்து விஷயங்களைப் பார்க்கிறார்கள்: உயரத்துக்கேற்ற எடை, மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, காலில் வீக்கம், பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா. இவற்றில் அபாயம் தெரிந்தால் உடனே உள்நோயாளியாகச் சேர்க்கிறார்கள். சென்னையிலுள்ள தேசிய நோய்த்தொற்றியல் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய முறை இது. காசநோயில் பெருமளவு சாவு சிகிச்சை தொடங்கிய முதல் சில வாரங்களில் நிகழ்வதால், அந்த முதல் நாள் சோதனை உயிர் காக்கிறது.

அமெரிக்காவில் அரசு சுகாதார ஆய்வு முகமை ஒன்று மருத்துவர்களுக்காக ஒரு செயலி வைத்திருக்கிறது. வயது, பாலினம், கர்ப்பமா, புகையிலை உண்டா, பாலுறவு வாழ்க்கை உண்டா என்று சில கேள்விகள். பதிலைத் தட்டினால், இந்த ஆளுக்கு இன்னின்ன தடுப்புப் பரிசோதனைகள் பரிந்துரைக்கப்படுகின்றன என்று வரும். நோயாளியின் பெயரை அது கேட்பதே இல்லை.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மருத்துவ முடிவு எடுப்பதற்குத் தேவைப்படுவது வயது, எடை, மூச்சு, பழக்கம். பெயரோ ஆதாரோ சாதியோ அந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை. பெயர் தேவைப்படுவது அடுத்த கட்டத்தில்: மாத்திரை கொடுக்க, மறுபடி பார்க்க. அப்போதும் அந்தப் பெயரும் நோயும் தெரிய வேண்டியது மருத்துவருக்கும், மாத்திரை கொண்டுவரும் ஒரு பணியாளருக்கும். சாதி தேவைப்படுவது மூன்றாவது கட்டத்தில்: எந்தச் சமூகத்தில் யார் அதிகம் சாகிறார்கள், எங்கே பணத்தையும் ஆளையும் அனுப்ப வேண்டும் என்று அரசு திட்டமிடும்போது. அப்போது பெயர் தேவையில்லை.

முடிவுக்குப் பெயரும் சாதியும் வேண்டாம். தொடர் கவனிப்புக்குப் பெயர் வேண்டும், சாதி வேண்டாம். திட்டமிடலுக்குச் சாதி வேண்டும், பெயர் வேண்டாம். இந்த மூன்றையும் ஒரே படிவத்தில், ஒரே திரையில், ஒரே ஆளின் கையில் கொடுப்பதுதான் சிக்கல்.

தேசியத் தாய்சேய் நலப் பதிவேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணியின் பெயர், கணவர் பெயர், முகவரி, போன் எண், மதம், அதோடு எஸ்.சி., எஸ்.டி., மற்றவர் என்று ஒரு கட்டம். கிராமத்தில் யார் எஸ்.சி. என்பது அந்தப் பதிவேட்டைத் திறக்கிற எல்லாருக்கும் தெரியும். சரி, அதனால் நமக்கு ஏதாவது பயனாவது உண்டா? அருந்ததியப் பெண்களில் எத்தனை பேருக்குப் பேறுகாலத்தில் ரத்தசோகை இருக்கிறது என்று அந்தக் கட்டத்தை வைத்துச் சொல்ல முடியாது. எஸ்.சி. என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாரும் அடைபட்டுவிடுகிறோம். ஊருக்குள் நம்மைக் காட்டிக்கொடுக்கப் போதுமான தகவல், கோட்டையில் நமக்காக வாதாடப் போதாத தகவல். இரண்டு பக்கமும் நட்டம் நமக்கே.

இந்த இடத்தில் சில தோழர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். சாதிவாரிக் கணக்கெடுப்பு வேண்டும் என்று தெருவில் இறங்கிக் கத்துகிறோம், இப்போது சாதியை மறைக்கச் சொல்கிறாயே, இது முரண் இல்லையா? தனியுரிமை என்று சொல்லிச் சாதிக் கணக்கெடுப்பையே தடுத்துவிட மாட்டார்களா?

நியாயமான கேள்வி. இதற்கான பதில் நம் இயக்கத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1921இல் நீதிக்கட்சி ஆட்சி வகுப்புவாரி உரிமைக்கான அரசாணை போட்டது. 1928இல் முத்தையா முதலியார் அமைச்சராக இருந்தபோது அது நடைமுறைக்கு வந்தது. அரசு வேலையில் எந்தச் சாதி எத்தனை பேர் என்று எண்ணி, பங்கு கொடுக்கும் ஏற்பாடு. அடுத்த ஆண்டே, 1929 பிப்ரவரியில், செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தைப் போடக்கூடாது என்று தீர்மானம் போட்டது. ஒரே காலம். அரசாணையை வரவேற்ற அதே பெரியார்தான் பட்டத்தை வெட்டச் சொன்னவரும். ஒரு கையால் சாதியை எண்ணச் சொன்னார்கள், இன்னொரு கையால் பெயரிலிருந்து அழித்தார்கள். யாரும் இதை முரண் என்று நினைக்கவில்லை. அரசின் மொத்தக் கணக்கில் சாதி இருந்தால் அது உரிமை, தனி ஆளின் பெயரில் தொங்கினால் அது இழிவு என்ற தெளிவு அவர்களுக்கு இருந்தது.

நான் இங்கே ஆய்வு மாணவியாக நின்று பேசுவதே எண்ணியதால் கிடைத்தது. 2009இல் அருந்ததியருக்கு மூன்று விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. எஸ்.சி. ஒதுக்கீட்டுக்குள் எங்கள் பங்கு எவ்வளவு குறைவு என்று எண்ணிக் காட்டியதால்தான் அது வந்தது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உள்ஒதுக்கீடு செல்லும் என்று சொன்னதும் நமக்குத் தெரியும். ஆகவே எண்ணாதே என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். எண்ணிக்கை எங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. எங்கள் பெயரையும் வீட்டையும் சேர்த்து ஊருக்குச் சொல்லாமல் எண்ணு என்கிறேன்.

அப்படி எண்ண முடியுமா? நம் கொங்கு மண்ணிலேயே எண்ணியிருக்கிறார்கள். எச்.ஐ.வி. பரவிய காலத்தில் நாமக்கல் அதிகத் தொற்றுள்ள மாவட்டங்களில் ஒன்றாக இருந்தது. லாரித் தொழில் நிறைந்த மாவட்டம். தொற்று எந்த மாவட்டத்தில் எவ்வளவு என்று அரசுக்கு எப்படித் தெரிந்தது? கர்ப்பிணிகளுக்கு வழக்கமான வேறு பரிசோதனைக்காக எடுத்த ரத்தத்தில் மீதியை, பெயரையும் அடையாளத்தையும் நீக்கிவிட்டுச் சோதித்தார்கள். எந்த ரத்தம் யாருடையது என்று சோதித்தவர்களுக்கே தெரியாது. மாவட்டத்தின் நிலைமை மட்டும் தெரிந்தது. அதை வைத்துத்தான் ஆலோசனை மையங்களும் கூட்டு மருந்து மையங்களும் எங்கே வேண்டும் என்று திட்டமிட்டார்கள். பிறகு 2017இல் எச்.ஐ.வி. சட்டம் வந்தது. ஒருவரின் தொற்று நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக்கூடாது என்றது. காசநோய்க்கோ சர்க்கரைக்கோ மனநலத்துக்கோ அதே ஒழுக்கத்தை ஏன் கிராமம் வரை கொண்டு வரவில்லை என்பதே என் கேள்வி.

இதற்கு நேர்மாறான வரலாறும் நமக்குண்டு. கோவையில் பிளேக் மாரியம்மன் கோவில்கள் இருப்பது உங்களுக்குத் தெரியும். சாமி கும்பிடப் போக வேண்டாம், வரலாறு படிக்கப் போகலாம். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் இந்த நகரத்தைப் பிளேக் திரும்பத் திரும்பத் தாக்கிய நினைவு அது. பிளேக் காலத்தில்தான் வெள்ளை அரசு 1897இல் கொள்ளைநோய்ச் சட்டம் கொண்டு வந்தது. பம்பாயிலும் புனேயிலும் வீடு புகுந்து சோதனை போட்டார்கள். மக்கள் என்ன செய்தார்கள்? நோயாளிகளை ஒளித்து வைத்தார்கள். அதே சட்டத்தைத்தான் 2020இல் கொரோனாவுக்கும் எடுத்தோம். வீட்டு வாசலில் அறிவிப்பு ஒட்டினோம், தெருவில் தகரம் அடித்தோம். உரிய அதிகாரியின் உத்தரவு இல்லாமல் அப்படி வாசலில் ஒட்டக்கூடாது என்று அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குள் எத்தனையோ பேர் காய்ச்சலை மறைத்து வீட்டுக்குள் கிடந்துவிட்டார்கள்.

காட்டிக்கொடுத்தால் நோயாளி ஒளிந்துகொள்வார். ஒளிந்துகொண்டால் தடுப்பு மருத்துவம் தோற்றுப்போகும். இதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். கள ஆய்வில் கண்ணால் பார்த்தேன். இப்போது சொல்லப்போகும் பெண் யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். அப்படிச் சொல்ல வேண்டியிருப்பதே இன்றைய தலைப்பு.

சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்டு வேறு மாவட்டத்திலிருந்து வந்து, திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனி வேலையில் இருந்த இணையர். பெண் கர்ப்பமானார். மூன்றாம் மாதம் ஒரு சுகாதார நிலையத்துக்குப் போனார். பதிவு செய்ய ஆதார் கேட்டார்கள். ஆதாரை வைத்து மருத்துவக் கணக்கு எண் உருவாக்கித் தருகிறோம், போனுக்கு ஓடிபி வரும், சொல்லுங்கள் என்றார்கள். அவருடைய ஆதாரோடு இணைந்திருந்த போன் அவர் அப்பாவுடையது. ஓடிபி அந்த போனுக்குப் போகும். மகள் உயிரோடிருக்கிறாள், எங்கோ ஒரு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அடுத்த செய்தி எங்கிருந்து எதற்கு வருகிறது என்றும் தெரியவரும். "பர்ஸ் எடுத்துட்டு வரேங்க்கா" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு எழுந்து வந்தவர், திரும்பப் போகவே இல்லை. ஏழாம் மாதம் மயங்கி விழுந்த பிறகுதான் மருத்துவரைப் பார்த்தார். கடுமையான ரத்தசோகை. மூன்றாம் மாதத்திலேயே தெரிந்திருந்தால் மாத்திரையிலேயே சரிசெய்திருக்கலாம். தாயும் பிள்ளையும் பிழைத்தது அவர்கள் அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நாம் பொதுச் சுகாதாரம் என்று சொல்ல முடியாது.

இது மிகையான பயம் என்று யாராவது சொன்னால், 2015இல் கோகுல்ராஜையும் 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் வெட்டப்பட்ட சங்கரையும் நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இந்த மண்ணில் முகவரி என்பது வெறும் தகவல் இல்லை. அந்த மருத்துவக் கணக்கு எண் கட்டாயமில்லை என்பதுதான் அரசின் அறிவிக்கப்பட்ட கொள்கை. வேறு வழியிலும் பதிவு செய்யலாம் என்று அந்த மேசையில் ஒருவர் சொல்லியிருந்தால் போதும். யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவர்களுக்கும் யாரும் சொல்லவில்லை.

சட்டம் என்ன செய்கிறது? 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமை அடிப்படை உரிமை என்றார்கள். 2019இல் நாடாளுமன்றத்தில் வைத்த தரவுப் பாதுகாப்பு மசோதாவில் 'நுண்ணுணர்வுத் தகவல்' என்று ஒரு பட்டியல் இருந்தது. உடல்நலத் தகவல் அதில் இருந்தது. சாதி அல்லது பழங்குடி என்பதும் இருந்தது. கூடுதல் கவனத்தோடு கையாள வேண்டிய தகவல்கள் அவை. அந்த மசோதாவைத் திரும்பப் பெற்றார்கள். 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அந்தப் பட்டியலே இல்லை. உங்கள் ஷூ அளவும் உங்கள் சாதியும் உங்கள் காசநோயும் அந்தச் சட்டத்துக்கு ஒரே மாதிரியான தகவல். மானியம், சேவை கொடுப்பதற்காக அரசு தகவலைக் கையாள்வதற்குத் தனிச் சலுகையும் உண்டு. 2025 நவம்பரில் விதிகள் வந்தன. முக்கியமான கடமைகள் பதினெட்டு மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும்.

அதற்கிடையில் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரே எடுத்துக்காட்டு. 2023 ஜூனில் டெலிகிராமில் ஒரு போன் எண்ணைக் கொடுத்தால், கோவின் தளத்தில் தடுப்பூசிக்குப் பதிந்தவரின் பெயர், பிறந்த ஆண்டு, அடையாள அட்டை எண், ஊசி போட்ட இடம் வரை வந்து விழுந்தன. தளம் பாதுகாப்பாகவே இருக்கிறது என்று அரசு அப்போது மறுத்தது. அந்தப் பனியன் கம்பெனிப் பெண்ணின் அப்பா கையில் அப்படி ஒரு வசதி கிடைத்தால் என்னவாகும்? கார்ப்பரேட் விளம்பரத் தொல்லை மட்டும்தான் தரவுக் கசிவு என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கேள்வி தோன்றாது.

சம்மதம் பற்றியும் ஒரு வார்த்தை. காசநோயாளிகளைத் தத்தெடுத்து உணவுப் பொருள் கொடுக்கும் ஒரு மத்திய அரசு ஏற்பாடு இருக்கிறது. நோக்கம் சரி. ஊட்டம் இல்லாத உடம்பு காசநோயிலிருந்து மீள்வது கடினம். நோயாளியின் சம்மதம் வாங்கித்தான் செய்ய வேண்டும் என்ற விதியும் உண்டு. ஆனால் பேனருக்கு முன்னால் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி, பையைக் கொடுத்துப் படம் எடுப்பதைப் பார்த்திருக்கிறோம். பை கொடுப்பவர் நாளைக்கு நாம் கூலிக்குப் போக வேண்டிய தோட்டத்துக்காரராக இருந்தால், "போட்டோ வேண்டாங்க" என்று எந்த அம்மா சொல்வார்? அதற்குப் பெயர் சம்மதமா?

தகவல் மேலே போகப் போக மங்கலாக வேண்டும், நம் ஊரில் கீழே வரவரப் பட்டவர்த்தனமாகிறது. டீக்கடைக்குத் தெரிந்த தகவல் திட்டக்குழுவுக்குத் தெரிவதில்லை. படிவத்தில் நுரையீரல் நோய்க்கான கேள்விகளைப் பாருங்கள். செங்கல் சூளை, கண்ணாடித் தொழிற்சாலை என்று எடுத்துக்காட்டுக் கொடுத்திருக்கிறார்கள். 1888இலேயே நூல் மில் வந்த ஊர் இது. பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருந்த தொழில்நோய். நம் ஊருக்கான படிவம் பஞ்சுத் தூசியையும் சாக்கடையையும் பேர் சொல்லிக் கேட்க வேண்டாமா? தெருக் கூட்டும் பெண்ணிடம் வாரத்துக்கு 150 நிமிடம் உடலுழைப்பு உண்டா என்று கேட்டு 'ஆம்' போட்டுவிட்டால், அவர் கணக்கில் ஆரோக்கியமானவர் ஆகிவிடுவார். அவர் மூச்சில் என்ன போகிறது என்று கேட்க அங்கே கட்டம் இல்லை. தொழிலைக் கேளுங்கள். நம் ஊரில் தொழிலைக் கேட்டாலே பாதிச் சாதி வந்துவிடும் என்பதால், கேட்டதைப் பூட்டியும் வையுங்கள்.

நாம் கேட்க வேண்டியவை பெரிய விஷயங்கள் இல்லை. சாதிக் கட்டம் கிராமப் பணியாளரின் திரையில் தெரியக்கூடாது. மாவட்ட அளவில், பெயர் நீக்கி, உட்சாதி வாரியாகத் தொகுத்து ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். நோயாளிப் பட்டியலை வாட்சப் குழுவில் போடுவது நிற்க வேண்டும். வேலைக்கான போனை அரசே கொடுக்க வேண்டும். ஆதார் போனைத் தவிர்த்து வேறு எண் கொடுக்கும் வழி எல்லா நிலையத்திலும் இருக்க வேண்டும், அதைப் பதிவு மேசையிலேயே சொல்ல வேண்டும். மில்லிலும் கம்பெனியிலும் நடக்கும் பரிசோதனையின் முடிவு தொழிலாளி கையில் மட்டும் போக வேண்டும், முதலாளி மேசைக்குப் போகக்கூடாது. என் பதிவை யார் யார் திறந்து பார்த்தார்கள் என்று கேட்டால் எனக்குத் தமிழில் பதில் வர வேண்டும். வீடு தேடி வரும் பெண்களுக்குச் சம்பளமும் பயிற்சியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பயிற்சி கொடுக்காமல் பொறுப்பை மட்டும் அவர்கள் தலையில் கட்டினால், பழியும் அவர்கள் தலையில்தான் விழும்.

முடித்துக்கொள்கிறேன். அம்மாவுக்கு இப்போது ரத்த அழுத்தம். மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் எங்கள் வளவிலிருந்தே வேலைக்குச் சேர்ந்த பெண். கவரைத் துணிப்பைக்குள் போட்டுக் கொண்டு வருவார். வாசலில் நின்று, "அத்தை, வெங்காயம் இருக்குதா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவார். கதவைச் சாத்திவிட்டுத்தான் கருவியை எடுப்பார். யாரும் அவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அம்மாவுக்கு என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியும், அவ்வளவுதான். அவர் வெங்காயத்தைச் சொல்லிச் செய்வதை ஒரு அரசு விதியைச் சொல்லிச் செய்ய முடியாதா?

நீங்கள் ஊருக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்துக்குப் போய், சுவரிலும் மேசையிலும் பாருங்கள். பெயரும் நோயும் சேர்த்து எழுதிய பட்டியல் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி இருக்கிறதா? இருந்தால் படம் எடுக்காதீர்கள், எடுத்துப் பரப்பாதீர்கள். அங்கிருக்கும் செவிலியரிடம் மரியாதையாகப் பேசி, அதைத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். பிறகு மாவட்டச் சுகாதார அதிகாரிக்கு ஒரு மனு எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் யார் யார் எழுதினீர்கள் என்று கேட்பேன்.